ரக்பி கப் வாங்கியதும் நிறவெறி ஒழிந்ததா? ‘இன்விக்டஸ்’ படமும் அதன் பின்னால் உள்ள கதையும்

எந்த விளையாட்டில் உலகக்கோப்பை நடந்தாலும் சரி, ஒரு வாட்ஸப் செய்தி தவறாமல் வந்துவிடும். பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு சிரிக்கும் நெல்சன் மண்டேலா, கீழே ஒரு வரி: ஒரே ரக்பி மேட்ச்சால் நிறவெறியை ஒழித்த தலைவர். போன மாதம் என் அக்கா மகன் ‘இன்விக்டஸ்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: “மாமா, இந்த மேட்ச்சுக்கு அப்புறம்தான் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை வந்துச்சா?”

ஆண்டுகளை வரிசையாக எழுதிக் காட்டினேன். நிறவெறிச் சட்டங்களுக்கு அஸ்திவாரமாக இருந்த சட்டத்தைத் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் நீக்கியது 1991 ஜூனில். எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் 1994 ஏப்ரலில். அந்த மேட்ச், அதாவது தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை வென்ற ரக்பி உலகக்கோப்பை இறுதிப் போட்டி, நடந்தது 1995 ஜூன் 24. ஏற்கெனவே சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்ட ஒன்றை மேட்ச் வந்து எப்படி ஒழிக்கும்?

“அப்போ அந்த மேட்ச் என்னதான் பண்ணுச்சு?” என்றான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் படம்

2009-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ஹாலிவுட் படம். பத்திரிகையாளர் ஜான் கார்லின் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. மண்டேலாவாக மோர்கன் ஃப்ரீமனும், தென்னாப்பிரிக்க ரக்பி கேப்டன் பிரான்சுவா பினாராக மேட் டேமனும் நடித்தார்கள். இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.

முதல் காட்சியே விஷயத்தைச் சொல்லிவிடும். சாலைக்கு ஒரு பக்கம் பச்சைப்புல் மைதானம், நல்ல வேலி, வெள்ளைக்காரப் பையன்கள் சீருடையோடு ரக்பி ஆடுகிறார்கள். மறுபக்கம் பொட்டல் காடு, பிய்ந்த கம்பி வேலி, கறுப்பினப் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். நடுவே 27 ஆண்டுச் சிறைக்குப் பிறகு விடுதலையான மண்டேலாவின் கார் வரிசை போகிறது. கறுப்பர் பக்கம் கும்மாளம், வெள்ளையர் பக்கம் மௌனம். அந்தச் சாலை ஏன் அங்கே இருந்தது என்பது தெரிந்தால்தான் மீதிப் படம் புரியும்.

ரேஷன் கார்டில் ஒரு சொல்

நிறவெறி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, ரயில் பெட்டியிலிருந்து காந்தியைத் தள்ளிவிட்டது மாதிரியான அவமதிப்புதான். அது ஒரு தனி ஆளின் திமிராகவும் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 1948-க்குப் பிறகு வந்தது வேறு ரகம்.

உங்கள் ரேஷன் கார்டில் ஒரு சொல் அச்சடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம், அங்கே என்ன பாடம், யாரைக் கல்யாணம் செய்யலாம், கடற்கரையில் எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லே முடிவு செய்கிறது. மாற்றக் கேட்டால் ஒரு அதிகாரி உங்கள் தலையில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார். பென்சில் கீழே விழுந்தால் ஓர் இனம், சுருள்முடியில் சிக்கி நின்றால் இன்னோர் இனம். கற்பனை இல்லை, உண்மையாகவே பென்சிலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்து ஆட்கள் வேறு வேறு இனமாகப் பதிவானதும் உண்டு.

இப்படிச் சட்டம் போட்டு, பதிவேடு வைத்து, மக்களை இனவாரியாகப் பிரித்து ஆண்ட முறைக்குப் பெயர்தான் அபார்தைட். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘தனித்தனியாக இருத்தல்’ என்று பொருள். டச்சு, பிரெஞ்சு, ஜெர்மானியக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர்கள் என்ற வெள்ளையினத்தவரின் மொழி அது. ‘இந்தியர்’ என்பதும் அந்தப் பதிவேட்டில் ஒரு பிரிவு. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் நிறுத்தப்பட்டார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: அபார்தைட் என்பது வெறும் வெறுப்பு இல்லை, அது ஒரு நிர்வாக முறை. சட்டத்தை நீக்கினால் பதிவேடு போய்விடும். ஆனால் அந்தச் சாலையும் இரண்டு வேலிகளும் அப்படியேதான் நிற்கும்.

ஏன் ரக்பி?

தேங்காய் மாதிரி நீண்ட பந்து. பக்கத்துக்கு 15 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் இன்னொருவருக்கு வீசினால் பின்பக்கமாகத்தான் வீச வேண்டும். ஆட்டத்தைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

ஆப்பிரிக்கானர்களுக்கு அது கிட்டத்தட்ட மதம். அணியின் பெயர் ஸ்பிரிங்பாக், அந்த நாட்டுப் புல்வெளிகளில் துள்ளி ஓடும் ஒருவகை மான். பச்சை ஜெர்சியில் அந்த மான் சின்னம். பல பத்தாண்டுகள் அந்த ஜெர்சியை வெள்ளையர் மட்டுமே அணிய முடிந்தது. அதனால் கறுப்பினத்தவர் கண்ணுக்கு அது மானாகத் தெரியவில்லை, தங்களைப் பிடித்துப்போன போலீஸ் வண்டியின் இன்னொரு முத்திரையாகத் தெரிந்தது. மைதானத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் நின்று, எதிரணி யாராக இருந்தாலும் அதற்குக் கைதட்டினார்கள். மண்டேலா பல ஆண்டு அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையின் கைதிகளும் அப்படித்தான்.

இங்கே படம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘ரக்பி வெள்ளையருக்கு, கால்பந்து கறுப்பருக்கு’ என்பது பாதிதான் சரி. கிழக்குக் கேப் பகுதியில் ஷோசா என்ற கறுப்பின மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மிஷன் பள்ளிகளில் ரக்பி ஆடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிக் கிளப்புகள், தனிப் போட்டிகள் இருந்தன. ஆட்டம் அவர்களுக்கும் சொந்தம், ஜெர்சி மட்டும்தான் கிடைக்கவில்லை. இந்தக் கிழக்குக் கேப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

ஊரைவிட்டுத் தள்ளி வைத்தல்

நம் கிராமங்களில் பஞ்சாயத்து ஒரு வீட்டைத் தள்ளி வைத்தால் என்ன நடக்கும்? அடிக்க மாட்டார்கள், உதைக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். ஒருநாள் பொறுக்கலாம், ஒரு தலைமுறை பொறுக்க முடியாது. நம் ஊரில் அந்தத் தண்டனை பெரும்பாலும் எளியவர்கள் மேல்தான் பாய்ந்தது. உலகம் அதை வலியவர் மேல் திருப்பிவிட்டது. விளையாட்டுப் புறக்கணிப்பு என்பது அதுதான்: ஒரு நாட்டின் கொள்கையைக் கண்டித்து அதனோடு ஆட மறுப்பது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டது, 1970-இல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டது. கிரிக்கெட்டில் 1970 முதல் 1991 வரை வனவாசம். திரும்பி வந்து ஆடிய முதல் சர்வதேசப் போட்டி கல்கத்தாவின் ஈடன் கார்டனில் நடந்தது.

இதற்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியா போனது. அணியில் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். கோப்பையைத் தூக்க நல்ல வாய்ப்பிருந்த அணி. எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட வேண்டாம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இன்றுவரை இந்தியா அந்தக் கோப்பையை வென்றதில்லை. புறக்கணிப்பு என்று வாயால் சொல்வது சுலபம், விலை கொடுத்தவர்கள் அந்தப் பையன்கள்.

ரக்பிதான் கடைசிவரை இடுக்கு வழியில் தப்பித்தது. நியூசிலாந்து அணி 1976-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியதால், ஆப்பிரிக்க நாடுகள் பலவும் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஆனாலும் 1987, 1991 ரக்பி உலகக்கோப்பைகளில் ஸ்பிரிங்பாக் அணிக்கு இடமில்லை. ஆப்பிரிக்கானர் வீடுகளில் இது உறைத்தது.

சுருக்கமாக: விளையாட்டு முதலில் ஒன்றிணைக்கும் கருவியாக வரவில்லை. வலிக்கச் செய்யும் கருவியாகத்தான் வந்தது. வலித்த இடம் எது என்று தெரிந்ததால்தான் பிறகு மருந்து போடவும் முடிந்தது.

எரிப்பதா, உட்கார்வதா?

இதுதான் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டுதான் பண்ணையார் மூன்று தலைமுறையாக ஊரை மிரட்டினார். காலம் மாறி, நிலமும் வீடும் ஊர்ப் பொதுவுக்கு வந்துவிட்டன. பண்ணையார் குடும்பம் பின்கட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நாற்காலியை என்ன செய்வது? எரிக்க வேண்டும் என்று இளைஞர்கள் சொல்வார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் புதிய ஊர்த்தலைவர் போய் அதில் உட்கார்ந்து, பண்ணையார் மகனையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தால்? நாற்காலி அதேதான், அதன் பொருள் மட்டும் வேறாகிவிடுகிறது.

ஒரு பொருள் தன்னைத் தாண்டி வேறொன்றையும் சுட்டி நிற்கும்போது அதைக் குறியீடு என்கிறோம். நாற்காலி ஒரு குறியீடு. ஸ்பிரிங்பாக் ஜெர்சியும் அப்படித்தான்.

மண்டேலா 1994 மே மாதம் அதிபரானபோது பின்கட்டில் இருந்தவர்கள் வெறும் கையோடு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணுவம், போலீஸ், பொருளாதாரம் எல்லாம் பெரும்பாலும் வெள்ளையர் கையில். 1993 ஏப்ரலில் கறுப்பினத் தலைவர் கிறிஸ் ஹானியை ஒரு வெள்ளையினத் தீவிரவாதி சுட்டுக் கொன்றபோது நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புவரை போய் வந்தது. அதே ஆண்டு ஜூனில், அரசியல் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த கட்டடத்துக்குள் ஆயுதமேந்திய வலதுசாரிக் கும்பல் கவச வண்டியை மோதி நுழைந்தது. இந்த ஆட்களோடுதான் நாட்டை நடத்தியாக வேண்டும்.

அரசாங்கம் கைக்கு வந்ததும் ஸ்பிரிங்பாக் பெயரையும் சின்னத்தையும் தூக்கிவிட வேண்டும் என்று மண்டேலாவின் சொந்த ஆட்களே கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. அதை வேண்டாம் என்றவர் மண்டேலா. பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதில் கணக்கும் இருந்தது. சிறையில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை உட்கார்ந்து படித்தவர் அவர். போல்ஸ்மூர் சிறையில், ரக்பி பைத்தியமான ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும், அந்த வாரத்து ரக்பிச் செய்திகளை வாசித்துத் தயாராக இருந்தாராம். அதிகாரியிடம் அவர் மொழியிலேயே ரக்பி பேசிவிட்டு, கடைசியில் போகிற போக்கில், ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ண ஒரு ஹாட் பிளேட் வேண்டும் என்று கேட்டார். கிடைத்தது. ஒரு ஹாட் பிளேட்டுக்குச் செய்ததை அவர் அப்புறம் ஒரு நாட்டுக்காகச் செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நல்லிணக்கம் என்ற சொல்லை இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நடந்ததை மறப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள் நாளையிலிருந்து ஒரே வீட்டில் இருக்கச் சம்மதிப்பது, அவ்வளவுதான். சம்மதம் இரண்டு பக்கமும் வேண்டும். அதிகாரத்தை இழந்த பக்கம் பயத்தில் இருந்தது. உனக்குப் பிரியமானதை நான் பறிக்க மாட்டேன் என்று ஜெயித்த பக்கம் சொன்னால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

ஆனால் அந்த விலையைக் கொடுப்பது யார்? இதைப் படம் பார்த்தவர்கள் பலர் கவனிப்பதில்லை. 1995 ஜூன் 16. சொவெட்டோ நாள். 1976-இல் அதே தேதியில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பில் பள்ளிப் பிள்ளைகள் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. மொழித் திணிப்பு, மாணவர், துப்பாக்கிச் சூடு என்றால் தமிழருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த நினைவு நாள் கூட்டத்தில் மண்டேலா ஸ்பிரிங்பாக் தொப்பியோடு மேடையேறினார், நாளைக்கு பிரான்சோடு ஆடப்போகிற நம் பையன்களுக்காக இது என்றார். கூட்டத்தில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. எழாமல் இருக்குமா? விலை கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

எல்லிஸ் பார்க், இரண்டு முறை

ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தை இரண்டு தேதிகளில் பார்த்தால் மாற்றம் கண்முன்னே தெரியும்.

1992 ஆகஸ்ட் 15. தனிமையிலிருந்து மீண்டு வந்த ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்தோடு ஆடியது. பழைய தேசிய கீதமான ‘டி ஸ்டெம்’ ஒலிக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஒலித்தது. கூட்டம் வேண்டுமென்றே முழுத் தொண்டையில் பாடியது. மேட்ச்சில் தோற்றார்கள், ஆனால் யாருடைய மைதானம் இது என்பதைக் காட்டிவிட்ட திருப்தியில் வீட்டுக்குப் போனார்கள்.

1995 ஜூன் 24. அதே மைதானம், அதே எதிரணி, பெரும்பாலும் அதே வெள்ளைக் கூட்டம், 60,000-க்கு மேல். மேட்ச் தொடங்குமுன் மண்டேலா களத்துக்குள் வந்தார். தலையில் ஸ்பிரிங்பாக் தொப்பி, உடம்பில் கழுத்துவரை பித்தான் போட்ட பச்சை ஜெர்சி, முதுகில் கேப்டன் பினாரின் எண் 6. ஒரு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாத கூட்டம், பிறகு “நெல்சன்! நெல்சன்!” என்று முழங்கத் தொடங்கியது. அவரைப் பயங்கரவாதி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். கறுப்பின விடுதலைப் போராட்டத்தின் பாடலான ‘ங்கோசி சிகெலெலி ஆஃப்ரிகா’ அப்போது இன்னொரு தேசிய கீதமாகியிருந்தது. வீரர்கள் அதைத் தனியாக வகுப்பு வைத்துக் கற்றிருந்தார்கள். பினார் மட்டும் பாடவில்லை. அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் அழகான ஆட்டம் இல்லை. அரையிறுதியில் இங்கிலாந்தைத் தனியாளாக உழுது தள்ளிய நியூசிலாந்து வீரர் ஜோனா லோமுவைக் கட்டிப்பிடித்தே காலத்தைக் கழித்தார்கள். இரு பக்கமும் உதைத்து எடுத்த புள்ளிகள் மட்டும்தான். முடிவில் 9-9. கூடுதல் நேரத்தில் 12-12. அப்போது ஜோயல் ஸ்டிரான்ஸ்கி ஒரு டிராப் கோல் அடித்தார், அதாவது பந்தைத் தரையில் தட்டி, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது. 15-12. அணியின் 15 புள்ளிகளும் அவர் காலிலிருந்தே வந்தன.

மைதானத்திலிருந்த 60,000 பேரின் ஆதரவைப் பற்றிக் கேட்டபோது, எங்களுக்கு ஆதரவு 60,000 பேர் இல்லை, 4.3 கோடி பேர் என்று சொன்னார் பினார். அன்றைய மொத்த மக்கள்தொகை அது.

மறுபடி நினைவுபடுத்திக்கொள்வோம்: அன்று கூட்டம் கைதட்டியது வெற்றிக்கு மட்டும் இல்லை. தங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர் தங்களையும் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு.

படம் எங்கே சுருக்குகிறது?

வாழ்க்கை வரலாற்றுப் படம் என்பது குழம்பைச் சுண்டவைப்பது மாதிரி. தண்ணீர் வற்ற வற்ற ருசி ஏறும், ஆனால் அடுப்பில் வைத்தபோது இருந்த அளவு இருக்காது.

படத்தில் மண்டேலா பினாருக்கு ‘இன்விக்டஸ்’ கவிதையைக் கொடுக்கிறார். வெல்லப்படாதவன் என்று பொருள்படும் லத்தீன் தலைப்புள்ள பழைய ஆங்கிலக் கவிதை, சிறையில் அவருக்குத் துணையாக இருந்தது. நிஜத்தில் அவர் கொடுத்தது அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஓர் உரைப்பகுதி என்கிறார்கள். இது சின்ன விஷயம், மன்னித்துவிடலாம்.

பெரிய விஷயம், நாட்டை இரண்டே ஆட்கள் சேர்த்து வைத்ததுபோலப் படம் காட்டுவது. பல ஆண்டுப் பேச்சுவார்த்தைகள், தேர்தல், புறக்கணிப்பை நடத்திய ஆயிரக்கணக்கானோர் எல்லாம் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். அணியின் ஒரே வெள்ளையரல்லாத வீரரான செஸ்டர் வில்லியம்ஸ், காலிறுதியில் சமோவாவுக்கு எதிராக நான்கு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தவர், படத்தில் ஓரமாகத்தான் வந்துபோகிறார். அந்தச் சின்ன வேடத்திலும் எவ்வளவோ கதை இருந்திருக்கும்.

ஆனாலும் ஒரு காட்சிக்காக நான் படத்துக்கு எழுந்து நிற்பேன். இறுதிப் போட்டியன்று மைதானத்துக்கு வெளியே, காரில் ரேடியோ கேட்கும் இரண்டு வெள்ளைப் போலீசார். காலி டின் பொறுக்கும் ஒரு கறுப்பினச் சிறுவன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வருகிறான். விரட்டுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போகிறான், திரும்ப வருகிறான். ஆட்டம் முடியும்போது மூன்று பேரும் ஒன்றாகக் குதிக்கிறார்கள். நாடு சேர்ந்தது என்பதன் அளவு அந்தக் காரின் நீளம்தான். மறுநாள் அந்தப் பையன் டின் பொறுக்கத்தான் போவான், படம் அதைக் காட்டவில்லை.

அப்புறம்?

மேட்ச்சன்று இரவு விருந்திலேயே ஒரு சங்கடம். 1987, 1991 கோப்பைகளில் நாங்கள் ஆடியிருந்தால் அதையும் ஜெயித்திருப்போம் என்ற தொனியில் ரக்பி வாரியத் தலைவர் லூயிஸ் லைட் பேச, நியூசிலாந்து வீரர்கள் எழுந்து வெளியேறினார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே வாரியம், ரக்பி நிர்வாகத்தை விசாரிக்க ஆணையம் அமைத்ததற்காக மண்டேலாவை நீதிமன்றத்துக்கு இழுத்தது. பதவியில் இருக்கும் அதிபர், வயது 79, பிரிட்டோரியா நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். இந்தப் பகுதிக்கு யாரும் படம் எடுக்கவில்லை.

உலக வங்கிக் கணக்கில் தென்னாப்பிரிக்கா இன்னும் உலகத்திலேயே மிகவும் ஏற்றத்தாழ்வுள்ள நாடுகளில் முன்வரிசையில் நிற்கிறது. சொத்தும் வேலையும் இன்னும் பெருமளவு பழைய பதிவேட்டின் கோடுகளில்தான் பிரிந்து கிடக்கின்றன. 2007-இல் மீண்டும் கோப்பை வென்றபோதுகூட இறுதிப் போட்டியைத் தொடங்கிய 15 பேரில் வெள்ளையரல்லாதவர் இரண்டே பேர்.

அந்த 2007 இறுதிப் போட்டியை, வீட்டில் டிவி இல்லாததால், ஒரு மதுக்கடையில் நின்று பார்த்தான் ஒரு பதினாறு வயதுப் பையன். கிழக்குக் கேப், போர்ட் எலிசபெத் அருகே ஸ்விடே என்ற சேரிப்பகுதி. பிறந்த தேதி 1991 ஜூன் 16. மக்களை இனவாரியாகப் பதிவு செய்த சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது மறுநாள். சியா கொலிசி என்று பெயர். 2019-இல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது, ஸ்பிரிங்பாக் அணியின் முதல் கறுப்பினக் கேப்டன் அவர். ஜெர்சி எண் 6.

அக்கா மகனிடம் இதைச் சொன்னதும் அவன் கேட்டது: “1995-லேர்ந்து 2019-க்கு எத்தனை வருஷம் மாமா?” இருபத்துநான்கு.